செவ்வாய்க்கிழமை அறை: நியூயார்க் டால்ஸ் முதல் ஆல்பத்தின் கதை

1973 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. மாலை நேரம். நியூயார்க்கின் பிராட்வே சாலையில், கிரீன்விச் வில்லேஜை ஒட்டி நின்ற நூறு வருடப் பழைய ஹோட்டல் ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பிராட்வே சென்ட்ரல் என்று அதற்குப் பெயர். கட்டிய காலத்தில் பணக்காரர்கள் வந்து தங்கிய இடம். விழுந்த காலத்தில், அரசு உதவிப்பணத்தில் வாழ்ந்தவர்களை அடைத்து வைத்த விடுதி. அதே கட்டடத்தின் ஒரு பகுதியில் மெர்சர் ஆர்ட்ஸ் சென்டர் என்ற பெயரில் சின்னச் சின்ன அரங்குகள் இயங்கிவந்தன. அவற்றில் ஒன்று ஆஸ்கார் வைல்ட் அறை. முந்தின வருடம் அந்த அறையில் செவ்வாய்க்கிழமை தோறும் ஐந்து பேர் உதட்டுச்சாயம் பூசி, உயரக் குதிகால் செருப்பு மாட்டிக்கொண்டு, காது கிழிய வாசித்தார்கள்.

அந்த ஐவரின் முதல் ஆல்பம் ஜூலை 27-ஆம் தேதி வெளியாகியிருந்தது. அதாவது, இசைத்தட்டு கடைக்கு வந்து சரியாக ஏழாவது நாள், அது பிறந்த இடம் செங்கல் குவியலாகிவிட்டது.

நியூயார்க் டால்ஸ். ஆல்பத்துக்கும் அதே பெயர்தான். அமெரிக்க இசை விற்பனையின் பில்போர்ட் பட்டியலில் 116-ஆம் இடத்தைத் தாண்டி அது மேலே ஏறவில்லை. இரண்டே வருடத்தில் கம்பெனியும் கைவிட்டது, குழுவும் உடைந்தது. ஆனால் அதன்பின் வந்த பங்க் என்ற முரட்டு ராக் இசையின் வம்சாவளியை யார் எழுதினாலும் இந்த ஆல்பத்தைத் தொடாமல் எழுத முடியாது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், "அது காலத்துக்கு முந்திய ஆல்பம்" என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது விளக்கமே அல்ல, தோற்றவர்களுக்குச் சொல்லும் ஆறுதல். அந்த ஆல்பத்தில் இருப்பதெல்லாம் பழைய சரக்கு: ஐம்பதுகளின் ராக் முன்னோடி சக் பெர்ரி பாணி கிட்டார், அறுபதுகளின் பெண் குழுக்களின் கோரஸ், அதே தலைமுறைப் போ டிட்லியின் ஒரு பாட்டு. காலத்துக்குப் பிந்தியது என்று சொன்னால்கூடப் பொருந்தும்.

என் கணக்கு வேறு. மெர்க்குரி ரெக்கார்ட்ஸ் கம்பெனி விலைகொடுத்து வாங்கியது ஓர் அறையை. அந்த அறையில் செவ்வாய்க்கிழமை கூடிய கூட்டத்தை, அதன் துணிமணியை, அதன் கிண்டலை. அதை வட்டத்தட்டில் அழுத்தி, அந்த அறையை ஒருநாளும் பார்த்திராத ஊர்களில் விற்கப் பார்த்தது. விற்கவில்லை. ஆனால் அறை இடிந்தபிறகு, அங்கே என்ன நடந்தது என்பதற்கு எஞ்சிய ஒரே சாட்சி அந்தத் தட்டுதான். எது எங்கே தோற்றது, எது யார் கையில் ஏறிப் போனது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கதை புரியும்.

பொம்மை ஆஸ்பத்திரி

குழுவின் பெயரில் கவர்ச்சி நடனக்காரிகளின் வாடை அடிக்கும். உண்மையில் அது ஒரு கடையிலிருந்து வந்தது. லெக்சிங்டன் அவென்யூவில் உடைந்த பொம்மைகளைப் பழுதுபார்க்கும் கடை, நியூயார்க் டால் ஹாஸ்பிடல். எதிரே இருந்த துணிக்கடையில் வேலை பார்த்த சில்வைன் சில்வைன் தினமும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில்வைன் கெய்ரோவில் பிறந்த யூதர். சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு எகிப்தைவிட்டு வெளியேறிய குடும்பம். அவருடைய பள்ளித் தோழர் பில்லி முர்சியா கொலம்பியாவின் பொகோட்டாவில் பிறந்தவர். இருவரும் சேர்ந்து ஸ்வெட்டர் தயாரித்து விற்கும் சிறு வியாபாரம் நடத்தியவர்கள். இதை நான் வெறும் தகவலாகச் சொல்லவில்லை. இந்தக் குழுவுக்குக் கிட்டார் கைவருவதற்கு முன்பே துணி கைவந்திருந்தது. எந்தச் சட்டையை எந்தக் கால்சட்டையோடு போட்டால் தெரு திரும்பிப் பார்க்கும் என்பது தொழில்முறையாகத் தெரிந்தவர்கள் அவர்கள்.

மற்றவர்களும் நகரத்தின் மையமான மன்ஹாட்டனின் பிள்ளைகள் இல்லை. முன்னணி கிட்டாரிஸ்ட் ஜானி தண்டர்ஸ் குவீன்ஸ் பையன், இயற்பெயர் ஜான் ஜென்சலே. பாடகர் டேவிட் ஜோஹான்சன் கப்பலேறி வரவேண்டிய ஸ்டேட்டன் தீவுக்காரர். பேஸ் வாசித்த ஆர்தர் கேன் பிராங்க்ஸில் பிறந்தவர். பிறகு வந்து சேர்ந்த டிரம்மர் ஜெர்ரி நோலன் புரூக்ளின். ஆக, பேரில் நியூயார்க்கைத் தூக்கிச் சுமந்த குழுவில் எல்லோருமே நகரத்தின் நடுவீட்டுக்கு வெளித்திண்ணையிலிருந்து வந்தவர்கள். வெளியிலிருந்து வருபவனுக்குத்தான் ஊரின் பெயர் அவ்வளவு முக்கியம்.

கொலம்பஸ் அவென்யூவில் ஒரு சைக்கிள் கடை. கடை மூடியபின் இரவில் அங்கே ஒத்திகை பார்த்தார்கள். 1971 கடைசியில் கச்சேரிகள் தொடங்கின. 1972 கோடையில் மெர்சரின் ஆஸ்கார் வைல்ட் அறையில் வாராவாரம் இடம் கிடைத்தது. நகரத்தின் ஓவியர்கள், நாடகக்காரர்கள், பத்திரிகையாளர்கள், துணிக்கடைப் பையன்கள் எல்லோரும் அங்கே வரத்தொடங்கினார்கள். மேடையில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உடையில் வித்தியாசம் தெரியாது. அன்றைய ராக் கச்சேரிகள் என்றால் பெரிய மைதானம், இருபது நிமிட டிரம்ஸ் தனி, கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரோடு தியானம். இங்கே மூன்று நிமிடப் பாட்டு, நடுவில் வம்பளப்பு, அப்புறம் இன்னொரு மூன்று நிமிடப் பாட்டு.

லண்டனில் ஓர் இரவு

ஒரு தட்டுகூட வெளியிடாத குழு 1972 அக்டோபர் 29 அன்று லண்டன் வெம்பிளியில், ராட் ஸ்டீவர்ட் பாடிய ஃபேசஸ் குழுவுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர் முன் வாசித்தது. செவ்வாய்க்கிழமை அறைக்குப் பழகியவர்களுக்கு அது கடல். ஆனால் பிரிட்டிஷ் பத்திரிகைகள் மூக்கில் வேர்த்து ஓடிவந்தன, கம்பெனிகள் பேச ஆரம்பித்தன.

நவம்பர் 6 அன்று ஒரு விருந்தில் முர்சியா மயங்கி விழுந்தார். போதை. எழுப்புவதாக நினைத்து உடனிருந்தவர்கள் குளியல்தொட்டியில் போட்டு, வாயில் காபியைப் புகட்டினார்கள். மூச்சுத்திணறி இறந்துபோனார். வயது 21.

இந்த மரணம் குழுவுக்கு இரண்டு விதத்தில் பின்னால் வேலை செய்தது. ஒன்று, கம்பெனிகள் பயந்தன: வேஷம், போதை, சாவு, கையில் ஒரு ஹிட் பாட்டும் இல்லை. இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. முர்சியாவின் இடத்துக்கு வந்த ஜெர்ரி நோலன் உண்மையான டிரம்மர். மற்ற நால்வரும் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் தாளத்தைக் கீழே விடமாட்டார். ஆல்பத்தைக் காதில் மாட்டிக்கொண்டு டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். "வாசிக்கத் தெரியாதவர்கள்" என்று இந்தக் குழுவுக்கு ஒட்டிய முத்திரை அந்த இடத்தில் செல்லாது. கிட்டார்கள் தள்ளாடுகின்றன, ஆனால் தரை நிலையாக இருக்கிறது. தரையும் ஆடியிருந்தால் இதை யாரும் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டார்கள்.

எட்டு நாள், 17,000 டாலர்

மெர்க்குரியில் இவர்களுக்காகப் போராடியவர் பால் நெல்சன், இசை விமர்சகராக இருந்து கம்பெனிக்குள் போனவர். தலைமையகம் சிகாகோவில். மெர்சர் அறையில் நடப்பதை நியூயார்க்கில் உட்கார்ந்து சிகாகோவுக்குப் புரியவைப்பது எப்படிப்பட்ட வேலை என்று யூகித்துக்கொள்ளலாம். கடைசியில் 1973 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது, 25,000 டாலர் முன்பணம்.

தயாரிப்பாளராக வந்தவர் டாட் ரண்ட்கிரன். 24 வயது. முந்தின வருடம்தான் "சம்திங்/எனிதிங்?" என்ற இரட்டை ஆல்பத்தின் பெரும்பகுதியை எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து முடித்திருந்தார். ஸ்டூடியோவை ஒரு வாத்தியமாகவே கையாளத் தெரிந்த ஆள். ஒரே ஒரு கிட்டாரை ஸ்ருதி சேர்க்கவே அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஐவர் கும்பலை அவர் கையில் கொடுத்தார்கள். பொருந்தாத சம்பந்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவரும் நியூயார்க் இரவு வாழ்க்கையில் புழங்கியவர், குழுவுக்கு முன்பே அறிமுகமானவர்.

ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோ, ஏப்ரல் மாதம், எட்டு நாள், 17,000 டாலர் செலவு. நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று ஸ்டூடியோ எப்போதும் நிரம்பி வழிந்தது. குழு தன்னோடு மெர்சர் அறையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றே சொல்லலாம். ரண்ட்கிரனுக்கு அது தலைவலி. ஆனால் பாட்டுகளை எப்படிப் பதிவு செய்தார் என்று பாருங்கள்: கூடியவரை ஐவரையும் ஒன்றாக வாசிக்கவிட்டு, மேலே கொஞ்சம் பியானோ, கொஞ்சம் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம் மட்டும் தூவினார். தன் ஆல்பத்தில் செய்ததுபோல அடுக்கு மேல் அடுக்காகக் கட்டவில்லை.

பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கில்தான் சண்டை. மொத்த ஆல்பத்தையும் ஆறு மணி நேரத்துக்குள் மிக்ஸ் செய்து முடித்தார்கள். ரண்ட்கிரன் தரப்பு நியாயம்: எல்லோருக்கும் அவசரம், குழுவே வந்து தலைக்குமேல் நின்றது, போதாக்குறைக்குக் கம்பெனி மாஸ்டரிங் என்ற கடைசி ஒலிச் சீரமைப்பையும் அவசரமாக முடித்துவிட்டது. தண்டர்ஸின் தரப்பு ஒரே வரி: மிக்ஸை அந்த ஆள் கெடுத்துவிட்டான். நோலனுக்கும் அதே கோபம். கச்சேரியில் கிட்டார் நெஞ்சில் மோதும். தட்டில் அது மெலிந்துவிட்டது என்பது அவர்களின் குறை.

குறையில் உண்மை இருக்கிறது. கிட்டார் இன்னும் பருமனாக இருந்திருக்கலாம். ஆனால் ஆல்பம் விற்காததற்குக் காரணம் ரண்ட்கிரன்தான் என்று இன்றுவரை சிலர் சொல்வதை ஏற்க முடியாது. அதே 1973 ஜூலையில் அவர் தயாரித்த இன்னொரு ஆல்பமும் வெளியானது: கிராண்ட் ஃபங்க் குழுவின் "வீ ஆர் அன் அமெரிக்கன் பேண்ட்". அது ஆல்பம் பட்டியலில் 2-ஆம் இடம் போனது, தலைப்புப் பாட்டு 1-ஆம் இடம் பிடித்தது. ஒரே தயாரிப்பாளர், ஒரே மாதம். ஒன்று மிச்சிகனில் இருந்து வந்த, ஊர் ஊராக மைதானங்களை நிரப்பிப் பழகிய குழு. மற்றது ஒற்றை அறையிலிருந்து வந்தது. வித்தியாசத்தை மிக்ஸிங் மேசையில் தேடுவதில் பொருளில்லை.

உள்ளே இருப்பது

முதல் பாட்டு "பர்சனாலிட்டி கிரைசிஸ்". பியானோ தடதடக்க, ஜோஹான்சன் ஊளையிட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறார். பாட்டின் நடுவில் எல்லாம் சட்டென்று நின்று, ஒரு மூச்சுவிட்டு, மறுபடி பாய்கிறது. ஓர் ஆள் தன்னையே பல வேஷமாகப் போட்டுப் போட்டுக் கடைசியில் எது தான் என்று தெரியாமல் முழிக்கும் கதை. வேஷக்காரர்கள் என்று தங்களைத் திட்டப்போகிறவர்களுக்கு முதல் பாட்டிலேயே அவர்களே முந்திக்கொண்டார்கள்.

"லுக்கிங் ஃபார் எ கிஸ்" ஷாங்ரி-லாஸ் என்ற பெண் குழுவின் பழைய பாட்டொன்றின் தொடக்க வரியைக் கடன்வாங்கித் தொடங்குகிறது. சுற்றியிருப்பவர்கள் எல்லாம் ஊசி தேடும்போது, இவன் தேடுவது முத்தம். முர்சியாவின் சாவு நடந்து ஐந்து மாதத்தில் பதிவான பாட்டு அது என்பதையும், இதைப் பாடிய மேடையில் நின்ற இருவரைப் பின்னால் போதை பிடித்துக்கொண்டது என்பதையும் தெரிந்துகொண்டு கேட்டால் உற்சாகம் கொஞ்சம் தொண்டையில் சிக்கும்.

"வியட்னாமீஸ் பேபி" பற்றி ஏனோ விமர்சகர்கள் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். வியட்நாம் போரை நிறுத்தும் பாரிஸ் ஒப்பந்தம் 1973 ஜனவரியில் கையெழுத்தானது, அமெரிக்கப் படை மார்ச்சில் கிளம்பியது, பாட்டு ஏப்ரலில் பதிவானது. போர் முடிந்துவிட்டது என்று வீட்டில் கொண்டாட உட்கார்ந்தவனின் மனதில் அங்கே செய்தது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அறுபதுகளின் எதிர்ப்புப் பாட்டுகள்போல இது யாருக்கும் நல்லுரை சொல்வதில்லை. இந்த ஆல்பத்தில் எனக்கு இரண்டாவதாகப் பிடித்த பாட்டு.

முதலாவது "ஃபிராங்கன்ஸ்டைன்". பெயருக்குப் பின்னால் "ஒரிஜினல்" என்பதன் சுருக்கத்தை ஒட்டியிருப்பார்கள். எட்கர் வின்டர் குழு அதே பெயரில் ஒரு வாத்திய இசையை அந்த வசந்தத்தில் 1-ஆம் இடத்துக்குக் கொண்டுபோயிருந்தது. அந்தப் பெயரை முதலில் வைத்தது நாங்கள்தான் என்ற ரோஷம் அந்த ஒட்டில் இருக்கிறது. ஆறு நிமிடப் பாட்டு, ஆல்பத்திலேயே நீளமானது. எங்கெங்கிருந்தோ நியூயார்க்குக்கு வந்து சேரும் பிள்ளைகள், ஊர் அவர்களை வெட்டி ஒட்டி வேறு உருவமாக்குவது, அந்த உருவத்தை யார் நேசிப்பார்கள் என்ற கேள்வி. கெய்ரோவில் பிறந்து பொம்மை ஆஸ்பத்திரிக்கு எதிரே நின்ற சில்வைன் இந்தப் பாட்டின் ஆக்கத்தில் பங்குள்ளவர். பாட்டு முன்னேற முன்னேறத் தாளம் கனத்துக்கொண்டே போகிறது, ரண்ட்கிரனின் மூக் அடியில் உறுமுகிறது. செவ்வாய்க்கிழமை அறையில் யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியாது.

"டிராஷ்", அதாவது குப்பை, மூன்று நிமிடத்தில் காதலையும் கேலியையும் சேர்த்து அள்ளிக் கொட்டுகிறது. ஐம்பதுகளின் "லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்" பாட்டுக்கு நடுவில் கண்ணடிப்பும் உண்டு. இதுதான் தனிப்பாட்டாக வெளியான முதல் சிங்கிள். "பில்ஸ்" போ டிட்லியின் பாட்டு. ஆஸ்பத்திரிச் செவிலி ஒருத்தி மாத்திரையாகக் கொடுத்துத் தள்ளும் பழைய நகைச்சுவை, இவர்கள் வாயில் வேறு அர்த்தம் எடுக்கிறது. "லோன்லி பிளானட் பாய்" மட்டும் மெதுவாக, மின்சாரம் இல்லாத கிட்டாரோடு, பட்டி பவுசரின் சாக்ஸபோனோடு போகிறது. கடைசியில் "ஜெட் பாய்". மற்றவை எல்லாம் நன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

அட்டை

ஒரு சோபா. அதில் ஐந்து ஆண்கள். கறுப்பு வெள்ளைப் படம். தூக்கி வாரிய தலைமுடி, கண்மை, உதட்டுச்சாயம், சாட்டின், குதிகால். மேலே குழுவின் பெயர், உதட்டுச்சாயத்தால் எழுதியதுபோல. எடுத்தவர் டோஷி மட்சுவோ. பின்னட்டையில் அதே ஐவர், வழக்கமான மேடை உடையில், செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் முனையிலிருந்த ஜெம் ஸ்பா பெட்டிக்கடை முன்னால்.

இந்த அட்டை விற்பனைக்கு எதிராக வேலை செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரிட்டனில் மார்க் போலனும் டேவிட் போவியும் மினுமினுப்பு பூசிக்கொண்டு தொலைக்காட்சியில் வந்தார்கள், ஜனம் ஏற்றுக்கொண்டது. அங்கே கிளாம் என்ற அந்த ஒப்பனை ராக் வேற்றுக்கிரகத்து அழகு. ஆனால் டால்ஸின் அட்டையில் அழகு இல்லை. தெருவில் பார்த்தால் சண்டைக்கு வரக்கூடிய முகங்கள்மேல் அம்மாவின் ஒப்பனைப்பெட்டி கவிழ்ந்ததுபோல இருக்கிறது. ஓஹையோவிலோ டெக்சாஸிலோ கடைக்காரர் அதை முன்வரிசையில் வைக்கத் தயங்கினார் என்றால் ஆச்சரியமில்லை. இவர்கள் ஓரினச்சேர்க்கையாளர்கள் என்றே பலர் முடிவு கட்டிவிட்டார்கள். 1973 அமெரிக்காவில் அதுவே கதவடைக்கப் போதுமானது. அந்த ஆண்டு செப்டம்பரில் மெம்பிஸ் நகரில் ஜோஹான்சனை மேடையிலிருந்தே போலீஸ் கைது செய்தது.

இதில் ஒரு முரண். மெர்சர் அறையில் அந்த உடை கேலியும் விளையாட்டும் கலந்த பொதுமொழி. கீழே நிற்பவனும் அதையே போட்டிருந்தான், எனவே யாரும் விளக்கம் கேட்கவில்லை. அதே உடை அட்டையில் ஏறியதும் கூட்டம் போய்விட்டது, ஐந்து பேர் மட்டும் ஒரு சோபாவில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் அவர்களைப்போலவே உடுத்திய இருநூறு பேர் இல்லாமல் அந்த ஐவர் வேறு பொருள் கொள்கிறார்கள். பின்னட்டையை முன்னட்டையாக்கியிருந்தால் கொஞ்சம் கூடுதலாக விற்றிருக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஆனால் அப்போது யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

அமெரிக்க ராக் இதழான க்ரீமின் வாசகர்கள் அந்த வருட வாக்கெடுப்பில் சிறந்த புதிய குழு என்றும் டால்ஸையே தேர்ந்தெடுத்தார்கள், மோசமான புதிய குழு என்றும் டால்ஸையே. விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் உச்ச மதிப்பெண் கொடுத்தார். வானொலி தொடவில்லை. ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் விற்றது என்பார்கள். ஒரு புதுக்குழுவுக்கு மோசமில்லை, ஆனால் கம்பெனி போட்ட விளம்பரத்துக்குக் காணாது. அடுத்த வருடம் ஷாங்ரி-லாஸைத் தயாரித்த ஷேடோ மார்ட்டனையே அழைத்து இரண்டாவது ஆல்பம் செய்தார்கள். அது 167-ஆம் இடத்தோடு நின்றது. 1975-இல் மெர்க்குரி கைகழுவியது.

கைமாறியவை

விற்பனைக் கணக்கு இங்கே முடிகிறது. இனிமேல் வருவது வேறு கணக்கு. இதில் எதுவும் கடை வழியாகப் போகவில்லை, எல்லாம் ஆள் வழியாகவும் பொருள் வழியாகவும் போனது.

1973 நவம்பரில் டால்ஸ் பிபிசியின் "ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்" நிகழ்ச்சியில் "ஜெட் பாய்" வாசித்தார்கள். முடிந்ததும் தொகுப்பாளர் பாப் ஹாரிஸ் மெல்லிய சிரிப்போடு இதைப் "போலி ராக்" என்ற அர்த்தத்தில் ஒரு சொல்லால் ஒதுக்கினார். மான்செஸ்டரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அந்தச் சில நிமிடம் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. அவன் பிற்பாடு டால்ஸின் பிரிட்டிஷ் ரசிகர் மன்றத்தை நடத்தினான், பின்னர் தி ஸ்மித்ஸ் குழுவின் பாடகனானான். மோரிஸி. மெர்சர் அறையை மான்செஸ்டருக்கு எடுத்துச்சென்றது தொலைக்காட்சிதான், அதுவும் திட்டோடு சேர்த்து. பெரியவர்கள் திட்டும் குழு என்பது 14 வயதுக்கு எவ்வளவு பெரிய சிபாரிசு என்று பாப் ஹாரிஸுக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஒரு துணிக்கடைக்காரர். லண்டன் கிங்ஸ் ரோட்டில் விவியன் வெஸ்ட்வுட்டோடு கடை நடத்திய மால்கம் மெக்லாரன், நியூயார்க்கில் டால்ஸைச் சந்தித்தார். ஒரு துணி வியாபாரி இன்னொரு துணி வியாபாரியைக் கண்டுகொண்டான் என்றுதான் சொல்லவேண்டும். 1975-இல் உடைந்துகொண்டிருந்த குழுவைச் சில மாதம் நிர்வகித்தார். சிவப்புத் தோல் உடை மாட்டிவிட்டு, பின்னால் கம்யூனிஸ்ட் கொடி தொங்கவிட்டார். வியட்நாமின் சைகோன் கம்யூனிஸ்ட்டுகளிடம் வீழ்ந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. அமெரிக்காவில் அந்த ஜோக் எடுபடவில்லை. ஃபுளோரிடாவில் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே தண்டர்ஸும் நோலனும் கிளம்பிப் போய்விட்டார்கள். மெக்லாரன் லண்டன் திரும்பினார். கையில் சில்வைனின் வெள்ளை லெஸ் பால் கிட்டார். அது ஸ்டீவ் ஜோன்ஸ் என்ற பையனின் கைக்குப் போனது. அந்தப் பையன் வாசித்த பங்க் குழுவின் பெயர் செக்ஸ் பிஸ்டல்ஸ். டால்ஸைக் கிண்டலடித்து அவர்கள் ஒரு பாட்டும் எழுதினார்கள். அப்பனைத் திட்டாத பிள்ளை ஏது.

நியூயார்க்கிலேயே இன்னொரு வழி. மெர்சர் இடிந்ததும் அங்கே வாசித்த குழுக்களுக்குப் போக்கிடம் இல்லை. அதே வருடம் டிசம்பரில் பவரி சாலையில் ஹில்லி கிறிஸ்டல் சிபிஜிபி என்ற மதுக்கடையைத் திறந்தார். அங்கிருந்து கிளம்பிய ரமோன்ஸ் 1976-இல் முதல் ஆல்பத்தை 6,400 டாலரில் முடித்தார்கள். டால்ஸுக்கு 17,000 ஆனதை நினைத்துப் பாருங்கள். மூன்று நிமிடப் பாட்டு, குப்பையும் காதலும், குவீன்ஸ் பையன்கள் எல்லாம் அங்கேயும் உண்டு. உதட்டுச்சாயத்தை மட்டும் துடைத்துவிட்டார்கள். அட்டையில் ஒரு செங்கல் சுவர், நான்கு தோல் ஜாக்கெட். டால்ஸின் அட்டை கற்றுக்கொடுத்த பாடம் அது என்றே எனக்குப் படுகிறது. கிஸ் குழுவோ எதிர்ப்பக்கம் போய், பெண் சாயலை எடுத்துவிட்டு ஒப்பனையை மட்டும் பத்து மடங்காக்கி மைதானங்களை நிரப்பியது.

இன்னும் ஒன்று. ரெக்கார்ட் பிளான்ட்டில் இந்த ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர்களில் ஜாக் டக்ளஸ் ஒருவர். டால்ஸை நிர்வகித்த லீபர்-கிரெப்ஸ் நிறுவனத்திடமே பாஸ்டனின் ஏரோஸ்மித் குழுவும் இருந்தது. டக்ளஸ் அந்தக் குழுவிடம் போய், எழுபதுகளில் அதன் பெரிய வெற்றி ஆல்பங்களைத் தயாரித்தார். சக் பெர்ரி வகைக் கிட்டாரும் வாயாடிப் பாடகரும் வானொலிக்கு ஏற்ற பருமனில் கிடைத்துவிட்டது. டால்ஸின் பணம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால் பாஸ்டன் பக்கம் கை காட்டலாம்.

தண்டர்ஸ் 1991 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் இறந்தார். நோலன் 1992 ஜனவரியில். 2004-இல் மோரிஸி லண்டன் மெல்ட்டவுன் இசைவிழாவுக்கு மீதமிருந்த மூவரையும் அழைத்துச் சேர்த்து வைத்தார். ஆர்தர் கேன் முப்பது வருடம் காத்திருந்து அந்த மேடையில் ஏறினார். ஜூலை 13 அன்று ரத்தப் புற்றுநோயில் போய்ச்சேர்ந்தார், மேடையிலிருந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

2009-இல் ஜோஹான்சனும் சில்வைனும் டால்ஸ் பெயரில் இன்னோர் ஆல்பம் செய்தார்கள். ஹவாயின் கவாய் தீவில். தயாரிப்பாளர் டாட் ரண்ட்கிரன். மிக்ஸைப் பற்றிச் சத்தம் போட்ட இருவரும் அப்போது உயிரோடு இல்லை. அதில் "டிராஷ்" பாட்டை மறுபடி பதிவு செய்தார்கள், ரெகே தாளத்தில், நிதானமாக. எல்லா வாத்தியமும் தனித்தனியே தெளிவாகக் கேட்கிறது. கேட்டுவிட்டு நான் பழையதைப் போட்டேன். மூன்று நிமிடம், கிட்டார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, யாரோ பின்னால் கத்திக்கொண்டு.